காஞ்சி வளைவு

எங்கள் நிலையத்தின் பெயரைத் தட்டச்சு செய்ய ஒன்றரை வரி பிடிக்கும். உடலசைவுப் பதிவு, கலைப்பயிற்சி மற்றும் செய்முறைக் கல்வி ஆய்வு நிலையம், காஞ்சிபுரம். 1973-ல் நான் அங்கே தட்டச்சர். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அதை அடிப்பேன். வீட்டில் என் பெயர் தாவீது. பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்கு நான் 'டைப்பு சார்'. பெயர் அவ்வளவு நீளமாக இருந்தாலும் நிலையம் இருந்தது செவிலிமேட்டில், மூடிப்போன ஓர் அரிசி ஆலையின் கிடங்கில். ஆலை போய்விட்டது, தவிட்டு வாசனை போகவில்லை. எலிகள் எங்களுக்கு முன்பிருந்தே பணியில் இருந்தவை. அவற்றை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நிலையத்தின் இயக்குநர் ராஜகோபால். வெளிநாட்டில் எட்டு மாதம் உடலசைவு படித்துவிட்டு வந்தவர். தறியில் தான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்வார். உட்கார்ந்திருந்தால் பாரபட்சம் வந்துவிடுமாம். திறப்பு விழாவில் அவர் பேசிய பேச்சை நான்தான் மூன்று நகல் எடுத்தேன், அதனால் இன்னும் மறக்கவில்லை.

"நண்பர்களே, இந்த ஊரில் நெசவு இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது? நெசவாளியின் உடம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவன் படுத்தால் அதுவும் படுத்துக்கொள்கிறது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் வருகிறது. அதைப் பத்திரமாக வெளியே எடுத்துக் கம்பியில் ஏற்றிவிட்டால், அப்புறம் நெசவாளியைப் பற்றி இந்த நாடு கவலைப்பட வேண்டியதே இல்லை."

முன்வரிசையில் இருந்த நெசவாளர்கள் கைதட்டினார்கள். மேடையில் ஒருவர் நிறுத்தினால் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வெளியே எடுப்பதற்கு முதல் ஆளாகப் பிடிக்கப்பட்டவர் மயில்வாகனம். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். அவர் நெய்த புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவினால் மேடு தெரியாது என்பார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் துரைக்கண்ணுதான் அவரைச் சிபாரிசு செய்தார். மயில்வாகனம் தன் மனைவி அம்சவேணியோடு வந்தார். நிலையத்துக்கு இரண்டு பேர் வந்தது முதல் சிக்கல்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. எனக்கு அன்றைக்கு அம்சவேணிதான் விளக்கினார். காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு நூல் ஓட்டும் நாடாவை நெய்பவர் வீசுவார். வலக்கரைக்கான நாடாவை, அவருக்கு வலப்பக்கம் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும் ஆள் போட வேண்டும். இரண்டு நூலும் ஓரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அதுதான் கோர்வை. பதினாறு வருஷமாக அந்த வலப்பக்கம் அம்சவேணியுடையது.

தொழில்நுட்ப அலுவலர் உமாபதி படிவத்தைக் காட்டினார். 'பதிவு செய்யப்படும் உடல்: 1' என்று அதில் இருந்தது. படம் பிடிக்கும் தட்டில் ஓர் உடலின் ஒளிக்கோடுகளுக்குத்தான் இடமாம். இரண்டு உடல் என்றால் கோடுகள் குழம்பிப்போகும். அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவன் நான். ஒன்று என்பதற்குப் பதில் இரண்டு என்று அடிக்க எனக்கு அதே ஒரு விசைதான் ஆகியிருக்கும். அம்சவேணி வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்தார். கரை நாடா மடியில் இருந்தது, ஒருவேளை கூப்பிடுவார்களோ என்று.

பதிவு நடந்தது பகல் பதினொரு மணிக்கு. ஆனால் இருட்டு வேண்டும். ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி அடித்துக் கிடங்கை இருட்டாக்கினார்கள். மயில்வாகனத்தின் மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றிலும் சின்ன பல்புகளைக் கட்டினார்கள். கேமரா கண்ணைத் திறந்து வைத்தபடி இருக்கும். கை போகும் வழியெல்லாம் வெளிச்சம் கோடு கிழிக்கும். டார்ச் பல்பு போதவில்லை என்று உமாபதி கார் பல்புகளை மாட்டி, கார் பேட்டரியோடு இணைத்தார். சித்திரை மாதம், காற்றுப் புகாத கிடங்கு, தோலோடு கட்டிய கார் பல்பு. மயில்வாகனம் நூலை நெருக்கும் அச்சை இழுத்து அடிக்கும்போதெல்லாம் முழங்கை பல்பு அவர் விலாவில் உரசியது. மூன்று வீச்சுவரை பல்லைக் கடித்துக்கொள்வார். நான்காவதில் தாங்காமல் முழங்கையை வலப்பக்கம் விசிறி உதறுவார். பிறகு மறுபடி மூன்று. சூட்டைச் சொல்லக் கூடாதா என்று பின்னால் கேட்டேன். இது சர்க்கார் பல்பு, எப்படிச் சொல்வது என்றார். முழங்கையில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம் இருந்தது.

தட்டைக் கழுவிப் பார்த்தால் அழகான படம். கறுப்பில் வெள்ளைக் கோடுகள். முழங்கைக் கோட்டில் நான்கு வீச்சுக்கு ஒருமுறை காதுமடல்போல் ஒரு வளைவு. இயக்குநர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். அதற்குக் 'காஞ்சி வளைவு' என்று பெயர் வைத்தார். ஒரு கோயில் மண்டபத் தூண் சிலையில் அதே வளைவைக் கண்டுபிடித்து இருபது பக்கக் கட்டுரையும் எழுதினார். அந்தச் சிலைக்கு முழங்கைக்குக் கீழே உடைந்து போயிருந்தது. உடையாமல் இருந்தால் வளைந்துதான் இருந்திருக்கும் என்பது கட்டுரையின் முடிவு.

அடுத்து படத்தைப் பார்த்துக் கம்பியை வளைத்தார்கள். கொல்லுப்பட்டறையிலிருந்து ஆள் வந்து, ஒரு தறியைச் சுற்றிக் கூண்டுபோல் அமைத்தான். கற்க வருகிறவன் மணிக்கட்டிலும் முழங்கையிலும் பித்தளை வளையம் மாட்டுவார்கள். வளையத்துக்குள் கம்பி ஓடும். கை சரியான வழியில் போனால் சத்தமில்லை. கம்பியில் வளையம் பட்டால் மின்சார மணி அடிக்கும். ஆசிரியரே வேண்டாம், இயந்திரமும் மாணவனும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று இயக்குநர் எழுதியதை அடித்தேன். பேச்சு எல்லாம் இயந்திரத்தின் பக்கம்தான் இருந்தது.

இது கிடங்கோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆடி மாதம் ஓர் ஆணை வந்தது. கூண்டில் நெய்து தர அசைவுச் சான்று பெற்ற நெசவாளிக்கு மட்டுமே சங்கம் பாவு கொடுக்க வேண்டும். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் பூட்டும் பட்டு நூல். அது இல்லாவிட்டால் தறி வெறும் மரம். துரைக்கண்ணு மேலிடத்தை எதிர்த்துப் பழக்கமில்லாதவர். அன்று மாலையே ஆணையைச் சங்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்.

மயில்வாகனம் கவலைப்படவில்லை. கம்பியில் இருப்பது அவருடைய கைதானே. வந்தார், வளையம் மாட்டிக்கொண்டார், எப்போதும்போல் நெய்தார். அரை மணியில் மணி நாற்பத்து மூன்று தடவை அடித்தது. ஒவ்வொரு நான்காவது வீச்சிலும் அவர் முழங்கை ஒழுங்காக உடம்போடு ஒட்டிப் போய், கம்பியில் இடித்தது. உமாபதி 'தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதினார். தானே தன்னைப்போல் நெய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான்? அவர் இயக்குநர் அறைக்கு வந்தார். நான் அங்கே மேசையோரம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு பல்பு சுட்டுதுங்க ஐயா. அதான் கைய ஒதறிக்கினு இருந்தேன். எங்க நெசவுல அந்த வளைவே கெடையாது."

இயக்குநர் அவரை உட்காரச் சொன்னார். கோபப்படவே இல்லை. "சூட்டினால் பதறிய கை கண்டபடி பதறியிருக்கும். இது நான்கு வீச்சுக்கு ஒருமுறை, தவறாமல் வருகிறது. ஒழுங்காக வருவதால் இது வலி அல்ல, மரபு. உமக்கு உம்முடைய மரபு தெரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்."

இதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

முப்பத்தொரு நாள் பயிற்சி. காலை எட்டு மணிக்கு வந்து கூண்டுக்குள் உட்கார்வார். மணி அடிக்கும், கையை வளைப்பார், மறுபடி அடிக்கும். முதல் வாரம் நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பஞ்சு தேவைப்படவில்லை. முப்பத்தொன்றாம் நாள் அரை மணி நேரத்தில் மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை. கிடங்கில் எலி ஓடும் சத்தம் கேட்டது. மயில்வாகனம் எழுந்து வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டார். அதில் 'இவரது அசைவுகள் மயில்வாகனம் அவர்களின் அசைவுகளை ஒத்துள்ளன' என்று இருந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. நான் நீட்டிய டீயை வாங்கிக் குடிக்கும்போது, நான்காவது வாய்க்கு அவர் முழங்கை விசிறியது. டீ என் சட்டையில் கொட்டியது.

ஆண்டு விழாவில் காஞ்சி வளைவு மேடை ஏறியது. நெசவுக்கும் நாட்டியத்துக்கும் பாலம் போடுவது நிலையத்தின் இரண்டாவது நோக்கம். பன்னிரண்டு பெண்கள் கம்பிக் கூண்டிலேயே பழகி, 'தறியாட்டம்' ஆடினார்கள். நான்காவது தாளத்தில் பன்னிரண்டு முழங்கைகளும் வலப்பக்கம் பறந்தன. பதினொன்று காற்றில் போயின. ஒன்று பக்கத்துப் பெண்ணின் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. அதுவும் நாட்டியத்தில் சேர்ந்தது என்று நினைத்துச் சபை கைதட்டியது. உழைப்பவனின் துயரம் அந்த முழங்கையில் தெரிந்ததாக ஒரு பத்திரிகை எழுதியது. மறுநாளே, ஆடுபவர்களுக்கு நடுவே ஒன்றரை முழம் இடைவெளி விட வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டார்.

தறியில் அந்த ஒன்றரை முழத்துக்குள் அம்சவேணி உட்கார்ந்திருந்தார்.

பாவு கிடைத்தது, தறி ஓடியது. ஆனால் முப்பத்தொரு நாள் பழகிய கை பிறகு வேண்டாமென்றால் கேட்பதில்லை. நான்கு வீச்சுக்கு ஒருமுறை முழங்கை அம்சவேணியின் தோளிலோ கன்னத்திலோ இடித்தது. மயில்வாகனம் கையைப் பலகையோடு துண்டால் கட்டிப் பார்த்தார். கட்டினால் நாடா ஓடவில்லை. அம்சவேணி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். தள்ளி உட்கார்ந்தால் கோர்வை பிடிக்கவில்லை, கரை தனியாக விட்டுக்கொண்டது. வாரக் கடைசியில் அவர் கன்னம் வீங்கியிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் பார்த்தார்கள். இரண்டு நாளில் விஷயம் சங்கத்துக்குப் போயிற்று.

துரைக்கண்ணு மயில்வாகனத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அப்போது ஒரு கோப்போடு அங்கே போயிருந்தேன். பெண்டாட்டியை அடிக்கிறவனை நான் மதிப்பதில்லை என்று ஆரம்பித்து, பத்து நிமிஷம் புத்தி சொன்னார். மயில்வாகனம் தலைகுனிந்து நின்றார். பல்பு, கம்பி, மணி எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தவர், சுவரில் ஒட்டியிருந்த ஆணையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அன்று எனக்குத் துரைக்கண்ணுமேல் வந்ததைவிடக் கோபம் என்மேல்தான் அதிகம் வந்தது. நானும் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன், எல்லாம் தெரிந்தவன்.

அதற்குப் பிறகு அம்சவேணியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு, நான்காவது வீச்சில் அரைச் சாண் பின்னால் சாய்வார். முழங்கை முன்னால் போய்விடும். உடனே திரும்பி வந்து கரை நாடாவைப் போடுவார். மயில்வாகனமும் முடிந்தவரை வளைவை அடக்கிக்கொண்டார். ஒரு மாதத்தில் கோர்வை பழையபடி பிடித்தது. யாரும் இதற்கு மணி அடிக்கவில்லை, சான்றும் தரவில்லை.

மூன்று மாதம் கழித்து வீட்டு ஆய்வு என்று விதி. உமாபதி அங்குலம் குறித்த மரச்சட்டத்தோடு போனார். எழுதிக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார். தறி அறையில் கால் வைக்க இடமில்லை. நான் வாசற்படியில் நின்றேன். உமாபதி சட்டத்தைப் பிடித்தபடி இருபது வீச்சுப் பார்த்தார். நேர்மையான மனிதர், கண்டதை எழுதுவார். வளைவு எட்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் வருகிறது. காரணம், வலப்புறம் ஒரு பெண் அமர்ந்திருக்கிறார்.

அம்மா கொஞ்சம் எழுந்துகொள்ளட்டும் என்றார். அம்சவேணி நாடாவைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் நின்றார். மயில்வாகனம் தனியாக வீசினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் முழங்கை முழு எட்டு அங்குலமும் போய், அம்சவேணி உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. அற்புதம் என்றார் உமாபதி. கரை நூல் பிடிக்க ஆளில்லாமல் ஓரத்தில் தொங்கியது. அது அவர் சட்டத்தில் இல்லை.

இனி இப்படியே நெய்யும்படி சொன்னார். மயில்வாகனம் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

"அவ வந்து குந்தட்டும் சார். நான் தப்பாவே நெய்ஞ்சிட்டுப் போறேன்."

சான்று ரத்து. தறியில் பூட்டியிருப்பது முடிந்ததும் புதுப் பாவு கிடையாது. இதை உமாபதி வருத்தத்தோடுதான் சொன்னார். அம்சவேணி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தார். நாங்கள் படியிறங்கும்போது தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

அறிக்கையை மறுநாள் அடித்தேன். நேர்மையான மனிதர் என்று சொன்னேனே, உமாபதி ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பத்தியில் இப்படி ஒரு வரி: 'மேற்படி பெண் நான்கு வீச்சுக்கு ஒருமுறை தவறாமல் அரைச் சாண் பின்புறம் சாய்கிறார்.' அடிக்கும்போதே விரல் நின்றது. அந்த வரியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு அடித்தேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இயக்குநர் அந்த வரியைச் சிவப்பு மையால் மூன்று தடவை அடிக்கோடிட்டார். அரைமணி கழித்து அம்சவேணி பெயருக்கு ஒரு கடிதம் சொன்னார், நான் நேராக இயந்திரத்தில் ஏற்றினேன். நான்கு நாள் கழித்து அதைக் கொடுத்துவரச் சொல்லி என்னையே சைக்கிளில் அனுப்பினார்கள்.

போனபோது இருவரும் தறியில் இருந்தார்கள். அம்சவேணிக்குப் படிக்கத் தெரியாது. மயில்வாகனம் கண்ணாடியைத் தேடினார். நானே படித்தேன். 'காஞ்சி வளைவுக்கு இணையான பெண்பால் அசைவு ஒன்று தங்களிடம் கண்டறியப்பட்டுள்ளது. இதற்குக் காஞ்சிச் சாய்வு எனப் பெயரிடப்பட்டுள்ளது. வரும் வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு ஒளிப்பதிவுக்கு வரவும். தட்டில் ஓர் உடலுக்கே இடம் உள்ளதால் கணவரை உடன் அழைத்து வரக் கூடாது. பதிவு திருப்தியாக அமைந்தால் பாவு குறித்துப் பரிசீலிக்கப்படும்.'

அம்சவேணி கரை நாடாவை மடியில் வைத்தார். பிறகு புருஷனைப் பார்த்து, அந்தப் பல்பு ரொம்பச் சுடுமா என்று கேட்டார். மயில்வாகனம் முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். எங்கெங்கே கட்டுவார்கள் என்று கேட்டார். மயில்வாகனம் தன் மணிக்கட்டையும் முழங்கையையும் தோளையும் தொட்டார். அம்சவேணி தன் உடம்பில் அதே மூன்று இடத்தையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

போனால் பாவு கொடுப்பார்களா என்று என்னிடம் கேட்டார். பரிசீலிப்பார்கள் என்றேன். அந்தச் சொல்லை ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன், ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரி, வருகிறேன் என்று சொல்லுங்கள் என்றார். நான் சைக்கிளை எடுக்கத் திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"டைப்பு சார், ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவுரு பக்கத்துல இல்லாம, நான் எதுலேர்ந்து வெலகிக் காட்டறது?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் நாடாவை எடுத்தார். மயில்வாகனம் ஒன்று, இரண்டு, மூன்று வீசினார்; நான்காவதில் முழங்கை வந்தது, அம்சவேணி அரைச் சாண் சாய்ந்தார், அது போனதும் திரும்பிக் கரையைக் கோத்தார். தறியில் இன்னும் பதினோரு முழம் பாவு இருந்தது.